அசைன்மென்ட்டைச் சொந்தமாக எழுதப் பழகுதல்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் சிறிய டி.டி.பி. கடை ஒன்றை நடத்திவருகிறேன். கல்லூரி மாணவர்களின் அசைன்மென்ட்டுகளையும் ஆய்வேடுகளையும், இடையிடையே கல்யாணப் பத்திரிகைகளையும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுப்பது தொழில். அந்தத் தொழிலுக்கு நடுவிலேயே தொலைநிலைக் கல்வியில் வரலாறு எம்.ஏ. படித்து முடித்தேன். ஆகவே பிறர் கட்டுரைகளைத் தட்டச்சு செய்பவளாகவும், சொந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருந்தவளாகவும் இரண்டு நிலைகளிலிருந்தும் இந்த விஷயத்தைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகக் கட்டுரையை நன்றாகவும் நேர்மையாகவும் எழுதுவது எப்படி என்று கடைக்கு வரும் பிள்ளைகள் அவ்வப்போது கேட்கிறார்கள். துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே ஒருசேர எழுதுகிறேன்.

செமஸ்டர் முடியும் வாரங்களில் கடையில் கேட்கும் குரல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, ஜவ்வரிசித் தொழில் பத்திப் பதினஞ்சு பக்கம் வேணுங்க. நீங்களே நெட்டுல இருந்து எடுத்துப் போட்டுருங்க, பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் மட்டும் நான் சொல்றேனுங்க." கேட்பவரின் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இருக்காது. ஜெராக்ஸ் கேட்பதைப் போலவே இயல்பாகக் கேட்பார்கள். அந்த இயல்புதான் என்னை யோசிக்க வைத்தது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் பாராட்டுப் பெற்றதே இன்னொருவர் எழுதியதை ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்ததற்குத்தான். குறிப்புச் சட்டகம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கைடில் இருப்பதை அப்படியே தேர்வுத்தாளில் இறக்கியவருக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. தன் மனத்தில் தோன்றியதை எழுதியவருக்கு ஒன்றிரண்டு குறைந்தது. அப்படி வளர்ந்த பிள்ளையிடம் கல்லூரியில் சேர்ந்த மறுநாளே 'சொந்தமாக எழுது' என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எடுத்து ஒட்டிய கட்டுரையை என்னால் தூரத்திலிருந்தே அடையாளம் காண முடியும். தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தது என்றால் துணைத்தலைப்பின் பக்கத்தில் '[தொகு]' என்ற சொல் அப்படியே நிற்கும். வரிக்கு நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய அடிக்குறிப்பு கட்டுரையில் எங்குமே இராது. பழைய பி.டி.எஃப். கோப்பிலிருந்து எடுத்ததென்றால் பாமினி எழுத்துரு யூனிகோடுக்கு மாறாமல் பாதிப் பக்கம் கிறுக்கலாகிவிடும். இன்னொரு வகையில் முதல் பத்தி நாளிதழ் நடையிலும், இரண்டாவது அரசாணை நடையிலும், மூன்றாவது எந்திரம் மொழிபெயர்த்த நடையிலும் இருக்கும். டி.டி.பி. கடைக்காரியாகிய எனக்கே இவ்வளவு தெரியும்போது, அந்தப் பாடத்தையே ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் ஆசிரியருக்குத் தெரியாமல் இராது. அவர் கண்டும் காணாமலும் விட்டுவிடுகிறார் என்றால், ஒரு வகுப்பு முழுவதும் அதையே செய்திருக்கும்போது யாரை நிறுத்திக் கேட்பது என்ற அயர்ச்சிதான் காரணமாக இருக்கும்.

'அதுக்குத்தான் சட்டம் இருக்குதே' என்று சிலர் சொல்வார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கென்று விதிமுறைகளை வெளியிட்டது உண்மைதான். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதங்களுக்கு மிகாத காலத்தில் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையே தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய முறையில் சுட்டிய மேற்கோள்களும், நூற்பட்டியலும், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களும் அந்தக் கணக்கில் சேரா. இவ்வளவையும் எண்களோடு சொல்கிறவர்கள் அதே விதிமுறைகளின் வரையறைப் பகுதியைப் படிப்பதில்லை. அசைன்மென்ட், டேர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கட்டுரை, விடைத்தாள் போன்றவை இந்த விதிகளுக்கு உட்பட்டவை அல்ல என்று அங்கே வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. எம்.ஏ. மாணவரின் பதினைந்து பக்க அசைன்மென்ட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கல்லூரி தனக்கென்று விதி வைத்திருந்தால் உண்டு. இல்லையென்றால் அங்கே நேர்மையைக் காப்பது எழுதுகிறவரின் பழக்கம் ஒன்றுதான்.

அந்தப் பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று. ஏற்காட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், தம் நூலின் கைப்பிரதியைத் தட்டச்சு செய்வதற்காக மலையிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். கைப்பிரதியோடு ஒரு பிஸ்கட் டின்னும் வரும். அதற்குள் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பாதியாக வெட்டி, எழுதாத பக்கத்தில் குறிப்பெடுத்த அட்டைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வோர் அட்டையின் தலைப்பிலும் ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பாண்டு, பக்க எண். அதன்கீழே சிவப்பு மையில் இருப்பவை நூலில் உள்ளபடியே பெயர்த்தெழுதிய வரிகள். நீல மையில் இருப்பவை அந்த நூலாசிரியரின் கருத்தை அவர் தம் சொற்களில் சுருக்கியவை. பென்சிலில் இருப்பவை அவருக்குத் தோன்றிய கேள்வியும் மறுப்பும். தட்டச்சு செய்யச் செய்ய எனக்கு ஒன்று புலப்பட்டது. சிவப்பெழுத்து நூலுக்குள் வரும்போதெல்லாம் மேற்கோள் குறிக்குள் வந்தது. நீலம் அடிக்குறிப்போடு வந்தது. நூலின் இயல் தலைப்புகளும் முதல் வாக்கியங்களும் பென்சில் வரிகளிலிருந்தே பிறந்தன. எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டதற்கு, "ஒரு மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா எது என்னோட வரி, எது அவங்க வரின்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்.

கட்டுரையின் நேர்மை எழுத உட்காரும்போது முடிவாவதாகப் பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது குறிப்பெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அரிசியில் கிடக்கும் கல்லைப் பிறகும் பொறுக்கிவிடலாம், மாவில் கலந்த மண்ணைப் பிரிக்க வழியில்லை. மூலத்தைக் குறிக்காமல் செல்போனில் காப்பி எடுத்துச் சேர்த்துவைத்த வரிகள் அந்த மாவைப் போன்றவை. சமர்ப்பிக்க வேண்டிய நாளின் முந்தைய இரவில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேட நல்ல மனம் படைத்தவருக்கும் நேரம் இராது. அட்டையும் சிவப்பு மையும் வேண்டாம் என்றால் கணினியிலேயே மூன்று நிறங்களை வைத்துக்கொள்ளலாம். இணையப் பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்தால், அடுத்த வரியைத் தொடுவதற்குள் முகவரியையும் பார்த்த தேதியையும் அதன் தலையில் போட்டுவிட வேண்டும்.

அடுத்த சிக்கல், சொந்த நடையில் எழுதுவது என்றால் சொற்களை மாற்றிப்போடுவது என்ற எண்ணம். ஜவ்வரிசியைப் பற்றிக் கேட்ட அந்தப் பையனையே பெஞ்சில் உட்காரவைத்து நான் காட்டியதைச் சொல்கிறேன். மூலநூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (எடுத்துக்காட்டுக்காக நானே எழுதியது): 'இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி இறக்குமதி நின்றுபோனதால், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் தொழில் சேலத்தில் தோன்றியது.' இதைச் சொந்த நடையில் எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் எழுதுவது: 'இரண்டாம் உலக யுத்தத்தின் சமயத்தில் மலேயாவில் இருந்து வந்த ஜவ்வரிசி வரத்து தடைப்பட்டமையால், மரவள்ளியில் இருந்து ஜவ்வரிசி உற்பத்தி செய்யும் தொழில் சேலத்தில் உருவானது.' போர் யுத்தமானது, இறக்குமதி வரத்தானது; வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. மென்பொருள் இதைப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் இது எடுத்தாண்ட வாக்கியம்தான், மேற்கோள் குறி மட்டும் இல்லை.

அந்தப் பையனிடம் புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னேன். பிறகு, "இவரு என்ன காரணம் சொல்றாரு?" என்று கேட்டேன். "இறக்குமதி நின்னுபோச்சுங்க." "சரி, இறக்குமதி மதராசுக்கும் நின்னுச்சு, மதுரைக்கும் நின்னுச்சு. சேலத்துல மட்டும் ஏன் ஆலை வந்துச்சு?" அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஊர்ப் பக்கம் மானாவாரிக் காட்டுல கிழங்கு போடுவாங்கக்கா. ஆத்தூர் ரோட்டுல பூராவும் காயப்போடுற களம்தான். வெயிலும் நல்லா அடிக்கும்" என்றான். கட்டுரை அங்கேதான் தொடங்கியது. இறக்குமதி நின்றதைத் தொழிலின் தொடக்கமாகக் காட்டும் நூலாசிரியரின் கருத்தை அவர் பெயரைச் சொல்லியே ஓரிரு வரியில் தரலாம். அது ஒரு தேவையை விளக்குகிறதே ஒழிய இடத்தை விளக்கவில்லை என்பது மாணவரின் சொந்த வாதம். மண்ணும் வெயிலும் கூலியாட்களும் அந்த வாதத்துக்கு அவர் தேட வேண்டிய ஆதாரங்கள். கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் படியவைத்து, படிந்த மாவை உருட்டி வறுத்துக் களத்தில் காயவைக்கும் வேலையில் வெயிலுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை ஓர் ஆலைக்குப் போய் அரைநாள் நின்றாலே பார்த்துவிடலாம். அதை எழுதும்போது எந்தத் தேதியில், எந்த வட்டாரத்து ஆலையில், யாரிடம் அனுமதி பெற்றுப் பார்த்தோம் என்று குறிப்பிட்டால் அதுவும் ஒரு மூலம்தான்.

இதே தலைப்பில் சரிபார்க்கும் பழக்கத்தையும் கற்கலாம். சேலத்து ஜவ்வரிசியின் கதையை யார் எழுதினாலும் தொழில் தொடங்கிய ஆண்டாக 1943ம், தொடங்கியவராக மாணிக்கம் செட்டியார் என்ற பெயரும் வரும். தகவல் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பத்து இணையப் பக்கங்களில் இருப்பதால் பத்துச் சான்றுகள் கிடைத்துவிட்டதாக மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஒன்பதும் முதல் ஒன்றைப் பார்த்து எழுதியவையாக இருந்தால் சான்று ஒன்றே. முதலில் சொன்னது யார் என்று பின்னோக்கிப் போவதில்தான் ஆய்வின் ருசி இருக்கிறது. போகும் வழியில் எதிர்பாராதவையும் கிடைக்கும். மலாயாவிலிருந்து வந்த சேகோ ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்தது. நம்முடையது கிழங்கு மாவு. மரவள்ளியோ தென்னமெரிக்காவிலிருந்து வந்து, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னரின் ஊக்கத்தால் கேரளத்தில் பரவிய பயிர். மலாயாவை அடுத்துச் சிங்கப்பூரும் ஜப்பானிடம் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15இல். இந்தத் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், கிழங்கு தென்னாட்டுக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே ஆலை வந்தது என்பது தெரியும். அந்த இடைவெளி ஏன் என்று ஒரு மாணவர் கேட்டால், பதினைந்து பக்கத்தை நிரப்ப அவர் இணையத்தை நாட வேண்டியதில்லை.

வாதம் என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் மிரளுகிறார்கள். பெரியவர்கள் எழுதியதை நான் எப்படி மறுப்பது என்கிறார்கள். இதற்கு நான் நன்னூலைக் காட்டுவேன். பி.ஏ. தமிழ் படிப்பவர்கள் அதன் பாயிரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். கட்டுரை எழுதும்போது அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பவணந்தி அங்கே நூல் எழுதுகிறவர் கொள்ளத்தக்க நிலைப்பாடுகள் ஏழு என்கிறார். பிறர் கொள்கைக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிறுத்தலாம், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையையே கொள்ளலாம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட இந்தப் பட்டியலைவிடத் தெளிவான கட்டுரைப் பயிற்சிக் குறிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலாவதாகச் சொல்லப்படுவதே உடன்படல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்தமாக எழுதுவது என்றால் எல்லோரையும் எதிர்க்க வேண்டும் என்பதில்லை. யாரோடு, எந்த ஆதாரத்தால் உடன்படுகிறோம் என்று சொல்லிவிட்டால் அதுவும் சொந்த நிலைப்பாடுதான். முன்னோரின் கருத்தோடு அவர்கள் வாக்கையும் பொன்போல் போற்றுவதற்காகவே பழைய சூத்திரங்களை அப்படியே எடுத்தாள்கிறோம் என்ற பொருளில் அதே நூலில் ஒரு செய்யுளும் உண்டு. எடுத்ததை எடுத்தோம் என்று சொல்லிவிடுகிற மரபு நம்மிடம் பழமையானது. 'என்மனார் புலவர்' என்று வரிக்கு வரி சொல்லிச் செல்லும் தொல்காப்பியத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

தலைப்பின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருட்டு பெரும்பாலும் தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 'இந்தியாவில் மதுவிலக்கு' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் எவராலும் சொந்தமாக எழுத முடியாது. எங்கிருந்தாவது அள்ளத்தான் வேண்டும். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். அவர் அன்றைய சேலம் மாவட்டத்துக்காரர், 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். 'மதுவிலக்குக்கு முதல் மாவட்டமாகச் சேலம் தேர்வானது ஏன்?' என்று கேள்வியைச் சுருக்கினால் தேட வேண்டியவை கைக்கு அடங்குகின்றன: கள், சாராய வருவாய், சட்டமன்ற விவாதங்கள், 1939இல் வந்த விற்பனை வரிச் சட்டம். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்டத்தான் அந்த வரி வந்தது என்று எழுதினால், அந்த 'தான்' காட்டும் துணிவுக்கு ஓர் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் மதுவிலக்கை அடுத்து வந்தது என்று மட்டும் எழுதிவிட்டு மேலே போகலாம். தெரிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் ஏறாமல் எழுதுவது நேர்மையின் பகுதி என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஆசிரியர் கொடுத்த தலைப்பை இப்படிச் சுருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு சரி என்கிறார்கள்.

மூலங்கள் கிடைக்கவில்லை என்ற முறையீட்டை இந்தக் காலத்தில் என்னால் ஏற்க முடியவில்லை. லெ ஃபானு தொகுத்த 1883ஆம் ஆண்டுச் சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு கெசட்டியரும் (அரசு வெளியிட்ட மாவட்ட விவரநூல்) இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்வராயன் மலையில் காப்பி வந்த வரலாற்றைக் காக்பர்ன் கலெக்டரோடு சேர்த்து எழுதாத ஏற்காட்டு அசைன்மென்ட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதப்பட்டதையும் அரிதாகவே பார்த்திருக்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் முதற்கொண்டு ஏராளமான நூல்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. அதில் ஓர் ஆய்வேட்டை எடுத்தால் முதலில் நூற்பட்டியலையும், பிறகு முடிவுரையையும் படியுங்கள். நடு இயல்களை அள்ளிக்கொண்டு வரத் தோன்றும் ஆசைக்கு அதுவே மருந்து. ஒரு கெசட்டியர் வரியை அந்த ஆய்வேட்டில்தான் பார்த்தீர்கள் என்றால், இன்னாருடைய ஆய்வேட்டில் மேற்கோளாக வந்தது என்றே எழுத வேண்டும். கெசட்டியரையே படித்ததாகக் காட்டிக்கொள்வதும் ஒருவகைப் பொய், அதுவும் எளிதில் அகப்படும் பொய். ஆய்வேட்டில் இருக்கும் அச்சுப்பிழையும் கூடவே வந்துவிடும்.

அடிக்குறிப்பு முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்க்வேஜ் அசோசியேஷன்) முறை என்றதும் சிரிக்காத மாணவர் இல்லை. எதுவானாலும் துறையில் கேட்டுக்கொண்டு ஒன்றையே கடைசிவரை பின்பற்றினால் போதும். தமிழ்ப் பெயர்களில் மட்டும் கவனம் தேவை. அந்த முறைகள் குடும்பப்பெயரை முன்னால் கேட்கின்றன. நமக்கு இருப்பது தலைப்பெழுத்தும் பெயரும். மா. இராசமாணிக்கனார் என்பதை 'இராசமாணிக்கனார், மா.' என்று போட வேண்டுமே தவிர, 'மா' என்பதைக் குடும்பப்பெயராக்கிவிடக் கூடாது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடுகளில் முதற்பதிப்பு, மறுபதிப்பு ஆண்டுகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். கையில் இருந்த பதிப்பின் ஆண்டைத்தான் குறிக்க வேண்டும், ஏனெனில் பக்க எண் அதற்குத்தான் பொருந்தும். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கடைக்கு வரும் கட்டுரைகளின் முகம் மாறிவிட்டது. பிழைகள் குறைந்துவிட்டன, உள்ளே ஊரும் இல்லை, ஆளும் இல்லை. சேலத்தைப் பற்றிய கட்டுரையில் சேலம் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஈரோடு என்று போட்டாலும் ஒரு வரியும் பொய்யாகாத அளவுக்கு வழவழப்பு. அதைவிட ஆபத்தானது நூற்பட்டியல். இருக்கிற ஆசிரியரின் பெயரோடு இல்லாத நூலைச் சேர்த்து, பதிப்பகமும் ஆண்டும் பக்க எண்ணும்கூடக் கொடுத்துவிடுகிறது. தட்டச்சுக்கு வந்த பட்டியலில் உள்ள நூல்களை நான் சில சமயம் மின்னூலகத்தில் தேடிப் பார்ப்பேன், எங்கும் அகப்படாதபோது, "இந்தப் புத்தகத்தைப் பார்த்தியா கண்ணு?" என்று கேட்டால் தலை குனிந்துகொள்ளும். அந்தக் கருவியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எழுதி முடித்ததை வாசிக்கக் கொடுத்து எங்கே தெளிவில்லை என்று கேட்கலாம், ஆசிரியர் அதற்கு இசைந்தால். கேட்டதைக் கட்டுரையிலும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அது சொல்லும் செய்திக்கு அதையே ஆதாரமாகக் காட்டுவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

நடையைப் பொறுத்தவரை நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மூன்றைத் தவிர்த்தாலே கல்லூரிக் கட்டுரை பாதி தேறிவிடும்: கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். மூன்றாவதுதான் மிகப் பரவலானது. முதல் இரண்டு பக்கம் உற்சாகமாகப் போய், நடுவில் வேகம் குறைந்து, கடைசியில் 'எனவே இத்தொழிலை அரசு பாதுகாக்க வேண்டும்' என்று மூச்சு வாங்கி நிற்கும். 'இன்றைய உலகமயமாக்கல் சூழலில்' என்று தொடங்கும் முதல் பத்தியை நான் தட்டச்சு செய்யும் முன்பே அடித்துவிடலாமா என்று கேட்பேன். பெரும்பாலும் இரண்டாவது பத்தியின் முதல் வாக்கியம்தான் கட்டுரையின் உண்மையான தொடக்கமாக இருக்கும்.

பிரதியைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்யச் சொல்வேன். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் 'யார்?' என்று எழுதி, விடையையும் எழுத வேண்டும்: இன்ன நூல், இன்ன ஆலை, நான். விடை எழுத முடியாத பத்தி குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், அல்லது கட்டுரையைவிட்டு வெளியேற வேண்டும். 'நான்' என்பது ஓரிடத்திலும் வரவில்லையென்றால் அது தொகுப்பு, கட்டுரை ஆகவில்லை. 'நான்' மட்டுமே வந்தால் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ஜவ்வரிசிப் பையனின் கட்டுரை இந்தச் சோதனைக்குப் பிறகு ஏழு பக்கத்தில் முடிந்தது. பதினைந்து கேட்டிருக்கிறார்களே என்று பயந்தான். எழுத்தளவைக் கூட்டியும் வரி இடைவெளியை அகட்டியும் தரச் சொன்னான், நான் செய்யவில்லை. பக்கக் கணக்கு கேட்கும் பழக்கமே இந்த நோயின் வேர் என்பது என் எண்ணம், அதைக் கல்லூரிகள்தான் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயன்படுத்திய மூலங்களின் பட்டியலையும் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப்போய், "சார், எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானுங்க, இன்னும் எங்கே தேடலாம்னு சொன்னீங்கன்னா சேர்த்து எழுதறேன்" என்று கேட்கலாம். அவன் அப்படித்தான் கேட்டான். ஆசிரியர் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகள் கிடைக்குமா என்று விசாரித்துப் பார்க்கச் சொல்லி, ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். சங்கம் 1981இல் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய காலத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் பழைய ஆலைக்காரர் யாராவது பேசுவார்களா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.